பிரஷர் மாத்திரை இருக்கிறது, பிரஷர் ஏன் அடங்கவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷர் மாத்திரையை முதல்முறை எழுதிக் கொடுத்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இனி வாழ்நாள் முழுக்கவா டாக்டர்?" அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வரிசைகட்டி வரும் மற்றவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. எழுதுகிறவன் மருத்துவன் இல்லை. பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறவன், இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன். உங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ உங்கள் மருத்துவருக்கு மட்டும்தான் உரிமை.

எத்தனைக்கு மேல் போனால் உயர் இரத்த அழுத்தம்?

பெரும்பாலான நாடுகளில் 140/90. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம் மேல் எண். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது கீழ் எண். இரண்டில் எது ஏறியிருந்தாலும் கணக்குதான். வீட்டில் அளந்தால் கோடு கொஞ்சம் கீழே, 135/85.

அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் இந்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. அந்த நாட்டில் வயது வந்தோரில் மூன்றில் ஒரு பங்காக இருந்த நோயாளிகள் ஒரே அறிவிப்பில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் 140/90ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 120/70க்கு மேல் இருப்பவர்களுக்குச் 'சற்று உயர்ந்த அழுத்தம்' என்று தனிப் பிரிவு திறந்தது. யார் சொல்வது சரி என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆபத்து ஒரு சரிவுப் பாதை மாதிரி. 139இல் பத்திரம், 140இல் பள்ளம் என்று எதுவும் கிடையாது. பத்து லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டி 2002இல் வெளியான ஆய்வு, 115/75இலிருந்தே சரிவு தொடங்குவதைக் காட்டியது. 40 முதல் 69 வயதுக்குள் மேல் எண் 20 கூடினால், அல்லது கீழ் எண் 10 கூடினால், பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

எனக்குத் தலைவலிகூட இல்லையே?

பெரும்பாலானோருக்கு இருக்காது. 170இல் நடமாடிக்கொண்டு, படியேறி, நன்றாகத் தூங்கி எழுகிறவர்கள் ஏராளம். தலைவலி வந்தால்தான் பிரஷர், கோபம் வந்தால்தான் பிரஷர் என்ற நம்பிக்கை பலரைச் சோதனைக்கே போகவிடாமல் செய்திருக்கிறது. உடம்பைக் கேட்டால் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது?

1990இல் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 65 கோடிப் பேருக்கு இருந்தது. 2019இல் அது 128 கோடி. 2024க்கு உலக சுகாதார அமைப்பு தந்த கணக்கு 140 கோடி. நோய் பரவும் வேகம் கூடிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. நூறு பேரில் எத்தனை பேர் என்ற விகிதம் பெரிதாக மாறவில்லை. மக்கள்தொகை கூடியிருக்கிறது, வயதானவர்கள் கூடியிருக்கிறார்கள்.

உண்மையான கதை வேறோர் இடத்தில் இருக்கிறது. உயர் அழுத்தம் உள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்துங்கள். 2019 கணக்குப்படி, தனக்கு இது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 54 பேர். மருந்து சாப்பிடுகிறவர்கள் 42 பேர். மருந்து சாப்பிட்டு, அழுத்தமும் கட்டுக்குள் வந்தவர்கள் 21 பேர். ஆண்களின் நிலை இதைவிட மோசம்: அவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் 18, பெண்களில் 23. ஆண்கள் சோதனைக்குப் போவதே குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்.

அப்படியென்றால் இத்தனை வருடத்தில் முன்னேற்றமே இல்லையா?

முன்னேற்றம் அபாரம். அதை உணர ஒரே ஒரு மனிதரின் கதை போதும்.

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த நாட்டின் தலைவருக்கு மருத்துவத்தால் தர முடிந்தது ஓய்வு, உப்புக் குறைப்பு, தூக்க மருந்து, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். அன்று அளந்தபோது மேல் எண் 300ஐத் தொட்டிருந்தது. இன்று அதே நோயாளி ஒரு சாதாரணச் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தால் இரண்டு மூன்று மாத்திரைகளில் கதை மாறியிருக்கும்.

அந்தக் காலத்தில் மருத்துவர்கள் பலர் இதை நோயாகவே கருதவில்லை என்பது இன்னும் வேடிக்கை. இறுகிப்போன குழாய்களில் இரத்தத்தைத் தள்ள உடம்பே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அது அவசியம், குறைத்தால் ஆபத்து என்று நினைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த நோய்க்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எசன்ஷியல்' என்ற அடைமொழி அந்த நினைப்பின் மிச்சம்.

1958இல் குளோரோதயசைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மாத்திரை வந்தது. அது அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் அழுத்தம் குறைந்தால் ஆயுள் கூடுமா? அதை நிரூபித்தது எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு. கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையில் இருந்த 143 ஆண்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பெரும் பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. 1967இல் இது வெளியானபின், அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தைப் பொறுத்தவரை விவாதம் முடிந்தது.

அப்புறம் மடை திறந்தது. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் புரோப்ரனலால் அறுபதுகளில் வந்தது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து கேப்டோபிரில் என்ற பிரஷர் மருந்து பிறந்து 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயதானவர்களுக்கு மேல் எண் ஏறுவது சகஜம், விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை 1991இல் ஓர் ஆய்வு உடைத்தது: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்ததில் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் உண்டு என்றது. ஆக, மருந்தைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. மாத்திரைகள் பலவற்றுக்குக் காப்புரிமையே காலாவதியாகிவிட்டது.

பிறகு ஏன் ஐந்தில் ஒருவர்தான் கட்டுக்குள் இருக்கிறார்?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மருந்து இருப்பது வேறு. அது ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்து, வருடக்கணக்கில் அவரிடமே தங்குவது வேறு.

ஆலோசனை அறையில் நடப்பதைப் பாருங்கள். கருவி 152/94 காட்டுகிறது. "கொஞ்சம் அதிகமா இருக்கே" என்கிறார் மருத்துவர். "லேட்டாயிடுச்சுன்னு ஓடி வந்தேன் டாக்டர், ராத்திரி தூக்கமும் இல்லை" என்கிறார் நோயாளி. "சரி, உப்பைக் குறைங்க, அடுத்த தடவை பார்ப்போம்." இருவருக்கும் நிம்மதி. அடுத்த தடவை மூன்று மாதம் கழித்து. அப்போது 150. அப்போது வேறொரு காரணம். எண் ஏறியிருப்பது தெரிந்தும் மருந்தைக் கூட்டாமல் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவ உலகில் தனிப் பெயரே உண்டு. தமிழில் 'சிகிச்சை மந்தம்' என்று சொல்லலாம். இதில் சோம்பல் மட்டும் இல்லை. ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்க முடிகிற மருத்துவருக்கு, வலி என்று வந்த புகார் முதலில் நிற்கும், வலிக்காத எண் கடைசிக்குப் போகும்.

நோயாளியின் பக்கமும் சளைத்ததில்லை. புதிதாக மாத்திரை தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கு மாத்திரை போட்டால் வலி போகிறது, பலன் தெரிகிறது. இங்கே நன்றாக இருக்கும்போது மாத்திரை போட்டு, சில சமயம் தலைசுற்றலையோ கால் வீக்கத்தையோ வறட்டு இருமலையோ வாங்கிக்கொள்கிறோம். கிடைக்கும் லாபம், வராமல் போன ஒரு பக்கவாதம். வராமல் போனதை யார் பார்த்தார்கள்?

இவை தவிர, முப்பது நாளுக்கு மட்டும் மாத்திரை தருவதால் மாதாமாதம் வரிசையில் நிற்பது, இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவது, ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் மாத்திரை வந்து குழப்புவது என்று சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் சிலர் ஒழுகிப்போகிறார்கள்.

பணக்கார நாடென்றால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. அமெரிக்காவில் 2013-14இல் 54 சதவீதம் வரை ஏறிய கட்டுப்பாடு, அதாவது நோயாளிகளில் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களின் பங்கு, 2017-18இல் 44 சதவீதத்துக்கு இறங்கியது. அதுவும் கொரோனாவுக்கு முன்பே.

மருத்துவமனையில் ஒரு எண், வீட்டில் ஒரு எண். எதை நம்புவது?

முதலில் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். நான் ஒரு நாள் வேண்டுமென்றே சோதித்தேன். வெளியே போய்விட்டு வந்த கையோடு, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, போனில் பேசிக்கொண்டே அளந்தேன்: 151. பிறகு கழிப்பறைக்குப் போய்வந்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் பட உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தேன். வெறும் கையில் பட்டை, கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். 136. ஒரு நிமிடம் விட்டு மறுபடி: 132. அரை மணி நேரத்துக்குள் அதே ஆள், அதே கருவி.

பேசுவது மட்டுமே பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். நிரம்பிய சிறுநீர்ப்பை, தொங்கும் கை, கால்மேல் கால், அரை மணிக்குள் குடித்த காபி, பிடித்த சிகரெட் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏற்றும். பட்டையின் அளவு அதைவிடப் பெரிய விஷயம். பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு அது 20 புள்ளி வரை போவதை 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வாழ்நாள் மாத்திரையைத் தொடங்கவே போதுமான பிழை அது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மருத்துவமனையில் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறும் அழுத்தம் என்பார்கள். அதன் தலைகீழும் உண்டு: மருத்துவரிடம் நல்ல எண், வீட்டிலும் வேலையிலும் உயரம். இந்த ஒளிந்திருக்கும் ரகம்தான் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே மேல்கையில் சுற்றும், தரம் சோதிக்கப்பட்ட ஒரு தானியங்கிக் கருவி வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிக்கொண்டு போவது நல்லது. முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். நல்ல எண்ணை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

கைக்கடிகாரம் காட்டும் பிரஷர்?

இப்போதைக்கு அதை வைத்து மருந்து முடிவுகள் எடுக்க வேண்டாம் என்பதுதான் மருத்துவ அமைப்புகளின் நிலை.

எவ்வளவு வரை குறைக்க வேண்டும்?

140க்குக் கீழே வந்துவிட்டால் போதும் என்று நெடுநாள் இருந்தது. 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 140க்குக் கீழ், மற்றொன்றுக்கு 120க்குக் கீழ் என்று இலக்கு வைத்தது. இரண்டாம் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை சேர்ந்து நான்கில் ஒரு பங்கு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அதற்கு விலையும் உண்டு: மயக்கம், உப்புச்சத்து மாறுபாடு, சிறுநீரகச் சிக்கல் அந்தக் குழுவில் கூடுதல். தவிர, அங்கே அளந்த விதம் மிகக் கறாரானது. நோயாளியை அமைதியாக உட்காரவைத்து, கருவி தானே அளந்த எண் அது. அவசரத்தில் எடுத்த 130ஐ வைத்துக்கொண்டு ஸ்பிரிண்ட் இலக்கைத் துரத்தினால் நோயாளி கீழே விழுவார். தாங்குகிறவர்களுக்கு 130க்குக் கீழ், தளர்ந்துபோன முதியவர்களுக்கு நிதானம் என்பது நியாயமான நடைமுறை. பத்துப் புள்ளி குறைந்தாலே பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இலக்கை எட்டாவிட்டாலும் இறங்கிய வரை லாபம்.

ஆரம்பத்திலேயே இரண்டு மருந்தா? என் நிலைமை அவ்வளவு மோசமா?

மோசம் என்று அர்த்தமில்லை. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது அழுத்தத்தை ஐந்து மடங்கு வரை கூடுதலாகக் குறைக்கும். பக்கவிளைவு அந்த அளவுக்குக் கூடாது. இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தருவது மறதிக்கும் மருந்து. உலக சுகாதார அமைப்பு 2019இல் இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நார்மலாகிவிட்டதே, நிறுத்தலாமா?

நார்மலானது மாத்திரையால். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும். எடை நன்றாகக் குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, உடற்பயிற்சி வாடிக்கையானவர்களுக்கு அளவைக் குறைக்க முடிந்திருக்கிறது, சிலருக்கு நிறுத்தவும் முடிந்திருக்கிறது. அதை மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டும். குளோனிடின், பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிக் குதிக்கும்.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'பிரில்' என்றும் 'சார்ட்டான்' என்றும் முடியும் மருந்துகள் கருவுக்கு ஆகாது.

காலையில் போடுவதா, ராத்திரியா?

21,000 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான டைம் ஆய்வின் முடிவு: வித்தியாசமில்லை. எப்போது மறக்காமல் போடுவீர்களோ அப்போது.

உப்பைக் குறைத்தால் நிஜமாகவே குறையுமா?

குறையும். ஆனால் "உப்பைக் குறையுங்கள்" என்ற அறிவுரையால் குறைந்தவர்கள் குறைவு. உலக சுகாதார அமைப்பு சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே. உலகச் சராசரி 10.8 கிராம். தொழிற்சாலையில் தயாராகும் உணவை நம்பியிருக்கும் நாடுகளில் இதில் பெரும்பகுதி சமையலறைக்கு வரும் முன்பே உணவில் ஏறிவிடுகிறது. பிரிட்டன் அதனால் தொழிற்சாலைகளைப் பிடித்தது. ரொட்டியில் உப்பை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவைத்ததில், 2003க்கும் 2011க்கும் இடையில் மக்களின் உப்பு 15 சதவீதம் இறங்கியது. நாக்கு கவனிக்கவே இல்லை.

இன்னொரு வழி உப்பையே மாற்றுவது. சீனாவில் 600 கிராமங்களில், 21,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களில் சோடியம் உப்பு முக்கால், பொட்டாசியம் உப்பு கால் என்று கலந்த உப்பு. 2021இல் முடிவு வந்தது: அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

மூன்று மாத்திரை போட்டும் குறையவில்லை.

முதலில் மூன்றும் உண்மையில் வயிற்றுக்குள் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்டால் கோபப்பட வேண்டாம். அப்புறம் வீட்டு எண். அப்புறம் கூடவே போடும் மற்ற மருந்துகள்: மூட்டுவலிக்குத் தினம் விழுங்கும் வலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை, அதிமதுரம் இவை எல்லாம் அழுத்தத்தை ஏற்றும். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பது, நினைப்பதைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது, சோதிப்பதுதான் குறைவு. இவை எதுவும் இல்லாவிட்டால் நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் நன்றாக வேலை செய்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

எங்கேயாவது இதைச் சாதித்திருக்கிறார்களா?

சாதித்திருக்கிறார்கள், அதுவும் புது மருந்து எதுவும் இல்லாமல். கனடாவில் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கட்டுப்பாடு 13 சதவீதம். 2007-09இல் 65 சதவீதத்தை எட்டியது. வட கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு 2001இல் 44 சதவீதத்தில் இருந்து 2009இல் 80 சதவீதத்துக்கு வந்தது. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: யாருக்கெல்லாம் பிரஷர் என்று ஒரே பதிவேடு, எந்த மருந்துக்குப் பின் எந்த மருந்து என்று ஒரு பக்கக் குறிப்பு, கூட்டு மாத்திரை, மருந்து மாற்றிய சில வாரங்களில் மருத்துவர் இல்லாமலே, பணம் வாங்காமலே உதவியாளர் அளந்து பார்ப்பது.

எனக்குப் பிடித்தது லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகங்கள். மருத்துவமனைப் பக்கம் எட்டிப்பார்க்காத கறுப்பின ஆண்கள், முடிவெட்டத் தவறாமல் வந்தார்கள். 52 கடைகளில் 319 பேர். மருந்தாளுநரே கடைக்கு வந்து அளந்து, மருத்துவருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே மருந்தை எழுதி, கூட்டினார். ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவரின் அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிதான். அறிவுரைக்கும் கைக்கு வந்த மருந்துக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

புதிதாக என்ன வருகிறது?

சிறுநீரக நரம்புகளைச் சுட்டு மட்டுப்படுத்தும் சிகிச்சை, 2014இல் ஒரு பெரிய ஆய்வில் சறுக்கி, கருவிகள் மேம்பட்டபின் 2023 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்ற நோக்கில் சிலிபெசிரான் என்ற மருந்து சோதனையில் இருக்கிறது. தினசரி மாத்திரையை மறப்பவர்களுக்கு இது நடந்தால் நல்லதுதான். என் கணிப்பில், இவை சிலருக்குப் பெரிய வரம்; ஆனால் நூறில் தனக்கு இருப்பதே தெரியாத அந்த 46 பேருக்கு ஊசி எந்தப் பக்கமிருந்து வரும்?

வீட்டில் அளந்தால் 190 காட்டுகிறது. என்ன செய்வது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது கூட இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். எதுவும் இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். அப்போதும் 180/120க்கு மேல் என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையில் இருக்கும் மாத்திரையில் இரண்டு மூன்றைக் கூடுதலாகப் போடாதீர்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே நிஃபெடிபின் கேப்ஸ்யூலை நாக்கின் அடியில் வைத்து எண்ணைச் சடாரென்று இறக்கினார்கள். அப்படி இறக்கியதே சிலருக்குப் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவந்ததால் தொண்ணூறுகளில் அதைக் கைவிட்டார்கள்.

நேற்று மாத்திரை போட மறந்துவிட்டேன். இன்றைக்கு இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். இன்றைக்கு உள்ளதை மட்டும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவருக்கு அது தெரியாவிட்டால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார்.